தப்பாப் போட்ட ஒரு ஓட்டை

எனக்குக் கோபம் வந்துருச்சு. அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், காபியைக் கையில வச்சுக்கிட்டு உக்காருங்க.

எங்க அண்ணன் மகன் டெக்சஸ்ல இருக்கான். வீட்டுல கார் நிறுத்துற ஷெட்டுல விமானம் கட்டிக்கிட்டு இருக்கான். பொம்மை இல்லங்க, நெசமான விமானம். ரெண்டு பேர் உக்காந்து பறக்கலாம். அலுமினியத் தகடு, சட்டம், போல்ட்டு, ரிவெட்டுனு எல்லாம் பெட்டி பெட்டியா வந்து இறங்கும். கூடவே ஒரு தடிமனான வரைபடக் கட்டு. இதைத்தான் கிட்டுனு சொல்வாங்க. மிச்சமெல்லாம் நம்ம கை வேலை. அமெரிக்காவுல இதுக்குச் சட்டப்படி இடம் இருக்கு. வேலையில பாதிக்கு மேல நாமளே செஞ்சிருக்கணும்ங்கிறது அங்க விதி.

போன வாரம் குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு படம் போட்டான். வால் பகுதிக்குள்ள வர்ற சின்ன அலுமினிய விலாச் சட்டம் (ரிப்) ஒண்ணு. அதோட விளிம்புக்கு ரொம்பக் கிட்டத்துல ஒரு ஓட்டை. கீழ ஒரே ஒரு வரி: "இன்னைக்கு இதைக் கெடுத்துட்டேன், புதுசுக்கு ஆர்டர் போட்டாச்சு."

அவ்வளவுதான். குரூப் பத்திக்கிச்சு.

"ஒரு ஓட்டையே ஒழுங்காப் போடத் தெரியல, இதுல ஏறிப் பறக்கப் போறானாம்."

"தம்பி, பேசாம டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போ."

ஒருத்தர் விமானம் விழுற படம் வேற போட்டார். (பெத்தவங்க இருக்கிற குரூப்பு. அதைக்கூட யோசிக்க மாட்டாங்களா?) அன்னைக்கு ராத்திரி அண்ணி எனக்கு போன் பண்ணி, "தம்பி, நீங்க சொன்னாக் கேப்பான். இந்த வேலையெல்லாம் வேணாம்னு சொல்லுங்க"ன்னு அழாத குறை.

அண்ணிக்கு என்ன சொன்னேனோ அதையே இங்கயும் சொல்றேன். கெட்டுப்போன பாகத்தைப் படம் எடுத்து நாலு பேருக்குக் காட்டுறவன் கட்டுற விமானத்துல நான் தைரியமா ஏறுவேன். "எல்லாம் நல்லாப் போகுது"னு மட்டும் சொல்லிக்கிட்டு இருக்கிறவனோட விமானத்துல ஏற மாட்டேன்.

ஏன்னு சொல்றேன்.

அந்த ஓட்டையில என்ன தப்பு? ஓட்டை சரியான அளவுதான், வட்டமும் சுத்தம்தான். இடம்தான் தப்பு. ரிவெட் ஓட்டையோட மையத்துல இருந்து தகட்டோட விளிம்பு வரைக்கும், ரிவெட் தண்டோட விட்டத்தைப் போல ரெண்டு மடங்காவது தூரம் இருக்கணும். அவன் போடுறது 3/32 அங்குல ரிவெட். அதாவது ஏறக்குறைய 2.4 மில்லிமீட்டர். அப்ப விளிம்பு 4.8 மில்லிமீட்டர் தள்ளி இருக்கணும். அதுக்கும் கிட்டத்துல ஓட்டை விழுந்தா, பறக்கும்போது வர்ற இழுவையில அந்த மெல்லிசான ஓரம் பிய்ஞ்சுக்கும்.

ஒரு நாள்ல பிய்யாது. மெதுவாப் பிய்யும். அதுதான் ஆபத்து.

இது அவனுக்குத் தெரிஞ்சிருந்தது. ஸ்கேலை வச்சுப் பார்த்தான், பத்தலை, பாகத்தைத் தூக்கி ஓரமா வச்சுட்டான். புது ரிப் சில டாலர்தான். தபால்ல வந்துரும். இதுல சிரிக்கிறதுக்கு என்னய்யா இருக்கு?

நான் போன வருஷம் அங்க போய்க் கொஞ்ச நாள் தங்கியிருந்தேன். ஷெட்டுல அவனுக்குக் கை உதவி. ரிவெட் அடிக்கிறதுக்குப் பல இடத்துல ரெண்டு ஆள் வேணும். ஒருத்தர் முன்பக்கம் காத்துல ஓடுற துப்பாக்கியால தட்டணும். இன்னொருத்தர் பின்பக்கம் ஒரு கனமான இரும்புக் கட்டியை ரிவெட் வாலுக்கு முட்டுக் கொடுத்துப் பிடிக்கணும். தட்டத் தட்ட வால் நசுங்கி, பின்னாடி இன்னொரு தலை உருவாகும். ஆத்தங்குடியில தரைக்கல்லு செய்றவங்களைப் பார்த்திருக்கீங்களா? கண்ணாடி மேல சாயத்தை ஊத்தி, அதுக்கு மேல சிமெண்ட் போட்டு அமுக்குவாங்க. பூ சரியா விழுந்துச்சான்னு கண்ணாடியில இருந்து எடுத்தாத்தான் தெரியும். ரிவெட்டும் அப்படித்தான். அடிக்கிறவருக்கு நல்லதா கெட்டதான்னு தெரியாது. பின்னாடி பிடிக்கிற ஆளுதான் பார்த்துச் சொல்லணும்.

நான் பின்னாடி ஆளு.

என் வேலையே "சரி" இல்லாட்டி "இது சரியில்ல"னு சொல்றதுதான். நசுங்கின தலையோட அகலம் தண்டைப் போல ஒண்ணரை மடங்கு இருக்கணும், உயரம் பாதி இருக்கணும். அதை அளக்க ஒரு சின்னத் தகட்டு அளவுகோல் இருக்கு. ஒண்ணொண்ணாப் பார்த்துச் சொல்லிக்கிட்டே வந்தேன். இந்த மாதிரி ஒரு விமானத்துல பத்தாயிரத்துக்கும் மேல ரிவெட். பத்தாயிரம் தடவை அடிக்கிற ஒரு மனுஷன் ஒண்ணுல கூடத் தப்பு விடக்கூடாதுன்னு எதிர்பார்க்கிறது நியாயமா? நியாயம் இல்ல. அதனால அந்தத் தொழில்ல யாரும் அப்படி எதிர்பார்க்கிறதும் இல்ல. தப்பு வரும்னு தெரிஞ்சே எல்லா முறையும் வகுத்து வச்சிருக்காங்க.

அங்க நான் பார்த்ததுல எனக்கு ரொம்ப யோசனையைக் கொடுத்த ஒரு விஷயத்தைச் சொல்லணும்.

ஒரு நாள் சாயங்காலம், ஒரு ரிவெட்டோட பின்தலை லேசாச் சாய்ஞ்சிருச்சு. நான் சொன்னேன். அவன் எட்டிப் பார்த்தான். முகம் சுருங்கிருச்சு. "எடுத்துரலாம் சித்தப்பா"ன்னான். ரிவெட்டை எடுக்கணும்னா அதோட தலையில நடுப்புள்ளி குத்தி, டிரில்லால தலையை மட்டும் குடைஞ்சு, தலையை ஒடிச்சிட்டு, பின்னாடி ஆதாரம் கொடுத்துத் தண்டை மெதுவாத் தட்டி வெளிய தள்ளணும். அவசரப்பட்டான். டிரில் நடுவுல நிக்காம வழுக்கிருச்சு. ஓட்டை கோணலாகி எட்டு வடிவத்துக்கு வந்துருச்சு. இப்ப அதுக்குப் பழைய ரிவெட் சேராது, பெருசு போடணும். பெருசு போட்டா விளிம்புத் தூரம் பத்துமா? இப்படி ஒண்ணைத் தொட்டு ஒண்ணு.

மறுநாள், ஏற்கனவே ரெண்டு விமானம் கட்டி முடிச்ச பெரியவர் ஒருத்தர் வந்து பார்த்தார். ஓட்டையைத் தடவிப் பார்த்துட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "முதல்ல இருந்த ரிவெட் எவ்வளவு சாய்ஞ்சிருந்துச்சு?" இவன் காட்டினான். "அதை அப்படியே விட்டிருக்கலாமே"ன்னார்.

சாய்வுக்கும் ஒரு அளவு இருக்கு. எவ்வளவு கோணலா இருந்தா ஏத்துக்கலாம், எவ்வளவு நசுங்கினா ஏத்துக்கலாம்னு படம் போட்டு எழுதி வச்சிருக்காங்க. பாக்க அசிங்கமா இருக்கிற ரிவெட்டும் தாங்க வேண்டிய பாரத்தைத் தாங்கிரும். அதைத் தோண்டப் போய் நல்ல தகட்டைக் கெடுக்கிறதுதான் உண்மையான சேதம். வீட்டுல விமானம் கட்டுறவங்க செய்ற பெரிய சேதங்கள்ல நிறையா, சின்னத் தப்பைத் திருத்தப் போய் வந்ததுதான்னு அந்தப் பெரியவர் சொன்னார். நான் பார்த்த வரைக்கும் அது நூத்துக்கு நூறு உண்மை.

ஓட்டை பெருசாயிட்டா அதுக்கும் வழி வச்சிருக்காங்க. தண்டு பெருசா, தலை மட்டும் சின்னதா ஒரு தனி ரகம் ரிவெட் வருது. தகட்டை மேற்கொண்டு குடையாம அதைப் போட்டு மூடிரலாம். கட்டுறவங்க எல்லாரும் முதல் நாளே ஒரு பொட்டலம் வாங்கி வச்சுக்கிறாங்க. தப்பு நடக்கிறதுக்கு முன்னாடியே அதுக்கு மருந்து அலமாரியில இருக்கு! இந்த மனநிலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு.

இன்னொண்ணும் கவனிச்சேன். பாகம் கெட்டுப்போறதெல்லாம் பெரும்பாலும் ராத்திரி வேலையை முடிக்கிற நேரத்துலதான். "இன்னும் ஒரே ஒரு வரிசை, முடிச்சுட்டு சாப்பிட வந்துர்றேன்"னு சொல்ற அந்த வரிசை. ரெண்டு இடது பக்கப் பாகம் செஞ்சு வச்சுட்டு வலதைக் காணோம்னு தேடுறது இந்த உலகத்துல ரொம்பப் பிரபலமான தப்பு. வரைபடத்துல ஒரு பக்கம்தான் போட்டிருக்கும், மத்தது கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பிச் செய்யணும். களைச்ச மூளைக்கு அது ஏறாது. அதனால அவன் இப்ப ஒரு பழக்கம் வச்சிருக்கான். தப்புன்னு தெரிஞ்ச உடனே காத்து மெஷினை நிறுத்திருவான். விளக்கை அணைச்சுட்டு உள்ள வந்துருவான். அன்னைக்கு அந்தப் பாகத்தைத் திரும்பத் தொட மாட்டான். திருத்துற வேலை காலையிலதான்.

விமானத்தோட மேல் மூடி இருக்கே, கண்ணாடி மாதிரி அக்ரிலிக் கூண்டு, அதுதான் எல்லாருக்கும் பயம். குளிர்ல அதை அறுத்தாலோ ஓட்டை போட்டாலோ கோடு மாதிரி விரிசல் ஓடிரும். புதுசு ஆயிரம் டாலருக்கு மேல. குளிர்காலத்துல ஷெட்டைச் சூடு பண்ணிக்கிட்டுத்தான் அதுல கை வைப்பாங்களாம். (நம்ம காரைக்குடி சித்திரை வெயில்ல அந்த வேலையைச் செஞ்சா விரிசலே வராதுன்னு அவன்கிட்ட சொன்னேன். "அப்ப கூண்டை ஊருக்கே கொண்டாந்துர்றேன் சித்தப்பா"ன்னு சிரிச்சான்.) அதுல விரிசல் விட்டாக்கூட, அது நிக்கிற முனையில ஒரு சின்ன ஓட்டை போட்டா மேல ஓடாம நின்னுரும்.

சரி, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற தப்பு. என்னைப் பயமுறுத்துறது வேற.

ஜான் டென்வர்னு ஒரு அமெரிக்கப் பாடகர். உலகம் பூரா ரசிகர்கள். 1997 அக்டோபர் 12-ஆம் தேதி கலிபோர்னியா கடலோரத்துல விமானம் விழுந்து செத்துப்போனார். அது பர்ட் ருட்டன் வடிவமைச்ச லாங்-ஈஸி. இன்னொருத்தர் வீட்டுல கட்டினதை இவர் வாங்கியிருந்தார். பெட்ரோல் எந்த டாங்க்ல இருந்து வரணும்னு மாத்துற கைப்பிடி, வடிவமைப்புப்படி விமானியோட கால் பக்கத்துல இருக்கணும். கட்டினவர் அதை விமானியோட இடது தோளுக்குப் பின்னாடி கொண்டுபோய் வச்சுட்டார். அதைத் திருப்ப உடம்பை வளைச்சுப் பின்னாடி எட்டணும். எட்டுறப்ப விமானம் கட்டுப்பாட்டை இழந்திருக்கும்னு அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் சொல்லுச்சு.

யோசிச்சுப் பாருங்க. அதைக் கட்டினவர் ரிவெட்டைக் கோணலா அடிக்கல, ஓட்டையைத் தப்பாப் போடல. தனக்கு நல்லதுன்னு தோணினதைச் செஞ்சார். அவருக்கு அது தப்புன்னே தெரியல. கெட்டுப்போன ரிப்பைப் பார்த்துச் சிரிக்கிறவங்க இதைப் பார்த்துச் சிரிக்க மாட்டாங்க. ஏன்னா இது பாக்க ஒழுங்கா இருந்துச்சு.

அதனாலதான் இன்னொருத்தர் கண்ணு வேணும்னு அந்த உலகம் பிடிவாதமா இருக்கு. அமெரிக்காவுல 1953-ல பால் போபரெஸ்னி ஆரம்பிச்ச சோதனை விமானச் சங்கத்துல, அனுபவசாலிகள் காசு வாங்காம வீட்டுக்கே வந்து வேலையைப் பார்த்துச் சொல்றாங்க. கட்டி முடிச்ச பிறகு அரசாங்க ஆய்வு. அதுக்கப்புறமும் பெரும்பாலும் 25, இல்லாட்டி 40 மணி நேரம் குறிப்பிட்ட எல்லைக்குள்ள சோதனையாப் பறக்கணும். பெட்ரோல் டாங்கைக்கூட முதல்ல காத்து அடைச்சு, ஒரு பலூனைக் கட்டிவிட்டு, சுருங்குதான்னு பார்ப்பாங்க. சோப்புத் தண்ணி தடவிக் குமிழி வருதான்னு தேடுவாங்க. முறுக்கின ஒவ்வொரு நட்டு மேலயும் ஒரு கோடு. கோடு இல்லாத நட்டு, முறுக்காத நட்டு.

கம்பெனிக்காரங்களும் தப்பு பண்ணுவாங்க. ஓரிகன்ல இருக்கிற வான்ஸ் ஏர்கிராஃப்ட் இந்தத் துறையில பெரிய பேர். அவங்க கிட்டுல கட்டின விமானம் பத்தாயிரத்துக்கும் மேல பறந்திருக்கு. அவங்க கொஞ்ச காலம் லேசர்ல வெட்டின ஓட்டைகளோட பாகங்களை அனுப்பினாங்க. ரிவெட் தலைக்குக் குழி அழுத்துறப்ப அந்த ஓட்டைகள்ல விரிசல் விட ஆரம்பிச்சது. 2023-ல பிரச்சினை பெருசாச்சு. சோதனை பண்ணி, எதை மாத்தணும், எதை அப்படியே போடலாம்னு பாகம் பாகமாப் பட்டியல் போட்டு வெளியிட்டாங்க. மத்த பணச்சுமையும் சேர்ந்துக்கிட்டு, அந்த டிசம்பர்ல கோர்ட்டுல திவால் பாதுகாப்பு கேக்குற நிலைமை வந்துச்சு. 2024-ல அதுல இருந்து மீண்டு வந்துட்டாங்க. அம்பது வருஷ அனுபவம் இருக்கிற இடத்துலயே இப்படி. இதுல எங்க வீட்டுப் பிள்ளை ஒரு ரிப்பைக் கெடுத்தது ஒரு குத்தமா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, நமக்கு எதுக்கு"னு குரூப்ல ஒரு பெரியப்பா எழுதியிருந்தார். அவர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அது சரியில்ல.

1910 மார்ச்சுல, மெட்ராஸ் மவுண்ட் ரோட்டுல ஓட்டல் நடத்திக்கிட்டு இருந்த டி ஆஞ்சலிஸ்ங்கிறவர் தானே ஒரு விமானம் வடிவமைச்சுப் பறந்தார். செஞ்சு கொடுத்தது நம்ம சிம்ப்சன் பட்டறை, கோச்சு வண்டி செஞ்ச கைகள். பல்லாவரத்துல பறக்கவிட்டுப் பார்த்தாங்க. அலகாபாத்துல இருந்து நைனிக்கு உலகத்தோட முதல் விமானத் தபால் போனது 1911 பிப்ரவரி 18. அதுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னாடி இந்த மெட்ராஸ் விமானம். டி ஆஞ்சலிஸ் கார்சிகா பக்கத்து ஆளு, சரி. ஆனா தச்சும் கொல்லும் நம்ம ஊரு.

காரைக்குடிக்காரங்களுக்கு நான் சொல்லியா தெரியணும், அழகப்பச் செட்டியார் லண்டன்ல பாரிஸ்டர் படிக்கப் போன இடத்துல குராய்டன்ல விமானம் ஓட்டப் பழகி வந்தவர். பின்னாடி ஜூபிடர் ஏர்வேஸ்னு சொந்த விமானக் கம்பெனியே நடத்தினார். அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்ததுதான் நம்ம சிக்ரி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலை 25 நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அந்த சிக்ரிக்காரங்க உலோகம் ஏன் அரிக்குதுன்னு மண்டபம் கடற்கரையில வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றாங்க. அலுமினியத்துல ஆழமாக் கீறல் போட்டா என்ன ஆகும், இரும்பு போல்ட்டை அலுமினியத்துல நேராச் சேர்த்து வச்சா உப்புக் காத்துல என்ன ஆகும்னு நம்ம ஊருலயே கேட்டுத் தெரிஞ்சுக்கலாம். செட்டிநாட்டுப் பக்கம் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளமும் கிடக்கு. இந்த ஊருக்கும் விமானத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு யாரும் சொல்லாதீங்க.

இடுக்கி மாவட்டம் தொடுபுழா பக்கத்துல சஜி தாமஸ்னு ஒருத்தர் இருக்கார். பிறவியிலயே காது கேக்காது, பேச்சு வராது. பள்ளிக்கூடப் படிப்பும் பாதியில நின்னுருச்சு. தானே ஒரு இலகுரக விமானம் கட்டி, 2014-ல நம்ம திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாறுல பறக்க வச்சார். அதுக்கு உதவினவர் ஓய்வு பெற்ற ஒரு விமானப்படை அதிகாரி. மும்பையில விமானி அமோல் யாதவ் வீட்டு மொட்டை மாடியில கட்டின விமானத்தோட பேர் டிஏசி-003. அந்த எண்ணைக் கவனிங்க, அது மூணாவது. அதைப் பதிவு பண்ணி வாங்க அவர் அலுவலகம் அலுவலகமா ஏறி இறங்கினார். 2017-லதான் பதிவு கிடைச்சது. இங்கிலாந்துல எசெக்ஸ் பக்கத்துல இருக்கிற மலையாளி அசோக் தாமரக்ஷன், ஊரடங்கு நேரத்துல தோட்டத்துக் கொட்டகையில ஸ்லிங் கம்பெனியோட கிட்டை வாங்கிக் கட்டி, மகள் தியா பேரையே பதிவு எழுத்தா வச்சு, 2022-ல குடும்பத்தோட ஐரோப்பா சுத்தினார்.

இவங்க யாரும் ஒரு ஓட்டைகூடத் தப்பாப் போடாம முடிச்சிருக்க முடியாது. விமானம் கட்டின யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.

எங்க பையனுக்கு ஒரு நோட்டு இருக்கு. ஒவ்வொரு நாள் வேலையும் தேதி போட்டு, படம் ஒட்டி எழுதுறான். கெட்டுப்போனதெல்லாம் சிவப்பு மையில. எப்படித் திருத்தினான், யார்கிட்ட கேட்டான், என்ன அளவு வந்துச்சு, எல்லாம் இருக்கு. நாளைக்கு இந்த விமானத்தை வேற யாராவது வாங்கினா, சிவப்பு மைப் பக்கங்களைத்தான் முதல்ல படிக்கணும். அண்ணிக்கு அந்த நோட்டோட படங்களை அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். அண்ணி ஒவ்வொண்ணையும் பெருசாக்கிப் படிச்சுட்டு, "இவ்வளவு பொறுமை இவனுக்கு எங்க இருந்து வந்துச்சு தம்பி"ன்னாங்க. அதுக்கப்புறம் வேணாம்னு சொல்லல.

குரூப்ல கேலி பண்ணின சொந்தக்காரங்களுக்கு: அவன் படம் போடுறதை நிறுத்திட்டான்னா நஷ்டம் உங்களுக்கு இல்ல, அவனுக்கு. தப்பை வெளிய சொல்ற பழக்கத்தை ஒரு கேலி போதும், அடக்கிரும். பறக்கப் போறவன்கிட்ட அதைச் செய்யாதீங்க. கையெடுத்துக் கேட்டுக்கிறேன்.

இதைப் படிச்சுட்டு நாமளும் கட்டலாமான்னு ஆசைப்படுற தம்பி தங்கச்சிகளுக்கு ஒண்ணு. கிட்டுக்குப் பணம் கட்டுறதுக்கு முன்னாடி நம்ம நாட்டு விமானத்துறையைக் கட்டுப்படுத்துற டிஜிசிஏவோட விதிகளை முழுசாப் படிச்சிருங்க. அப்புறம் ரெண்டு துண்டு அலுமினியத் தகடும் ஒரு பொட்டலம் ரிவெட்டும் வாங்குங்க. அம்பது ரிவெட் அடிங்க. அந்த அம்பதையும் ஓட்டை கெடாம எடுத்துப் பாருங்க. எடுக்க வந்துருச்சுன்னா, கட்ட ஆரம்பிக்கலாம்.